மதுரையில் வீட்டு மராமத்துக்குப் பட்ஜெட் போடுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய வீடுகளை அளவெடுத்து எஸ்டிமேட் போட்டுக் கொடுப்பது என் வேலை. செல்லூரில் கேட்கிற கேள்வியைத்தான் திருநகரிலும் கேட்கிறார்கள், ஒத்தக்கடையிலும் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கூலியும் பொருள் விலையும் மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரேட் எதையும் எழுதவில்லை. அளவும் கணக்குப் போடும் முறையும்தான் இருக்கும். அந்தந்த வாரத்து ரேட்டை அதில் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சார், எங்க வீடு 900 சதுர அடி. மராமத்துக்கு சதுர அடிக்கு எவ்வளவு ஆகும்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க.

சொல்ல முடியாது. சொல்பவரை நம்பவும் வேண்டாம். வெறும் மனையில் கட்டும் புது வீட்டுக்குச் சதுர அடி ரேட் உண்டு, ஏனென்றால் அஸ்திவாரம் முதல் பெயிண்ட் வரை எல்லாம் புதிது. மராமத்தில் அப்படி இல்லை. எல்லிஸ் நகரில் அடுத்தடுத்து இருக்கும் ஒரே அளவு வீடுகளில் ஒன்றுக்கு வயரிங்கும் பெயிண்டும் மட்டும் போதும். இன்னொன்றில் மாடி பாத்ரூம் ஒழுகி, கீழே சீலிங் கம்பி துருப்பிடித்து, சிமெண்ட் பெயர்ந்து விழுந்துகொண்டிருக்கும். சதுர அடி ஒன்றுதான், செலவு எப்படி ஒன்றாகும்?

அப்ப பட்ஜெட்டை எங்க இருந்துதான் ஆரம்பிக்கிறது?

ஒரு நோட்டில் இருந்து. ரூபாயை மறந்துவிட்டு வேலையை மட்டும் எழுதுங்கள். அறை அறையாகப் போய் தரை, சுவர், சீலிங், கதவு ஜன்னல், கரண்ட், தண்ணீர் என்று வரிசையாக எழுத வேண்டும். "அடுப்படி சரி பண்ணணும்" என்று எழுதினால் அதற்கு விலை போட யாராலும் முடியாது. "அடுப்படி மேடையில் 12 அடி நீளத்துக்குப் புது கிரானைட், சுவரில் 2 அடி உயரத்துக்கு டைல்ஸ், மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் தனித்தனி பிளக்" என்று எழுதினால் முடியும்.

எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள். செய்யாவிட்டால் வீடு கெடும் என்பவை முதலில்: ஒழுகல், துருப்பிடித்த கம்பி, பழைய வயரிங், அடைத்துக்கொண்ட சாக்கடை. வசதிக்கானவை இரண்டாவது. ஆசைக்கானவை மூன்றாவது. ஆசையை நோட்டில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். எழுதாத ஆசைதான் வேலை நடக்கும்போது வந்து நிற்கும்.

வேலையைப் பேசும் முன் வீட்டைத் தட்டியும் பார்க்க வேண்டும். சுத்தியல் கைப்பிடியால் சீலிங்கை லேசாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் கெட்டியாக இருக்கிறது. டொப் டொப்பென்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் பூச்சோ கான்கிரீட்டோ உள்ளே பிரிந்திருக்கிறது. அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, மொத்தம் எத்தனை சதுர அடி என்று கூட்டுங்கள். அப்புறம் ஒரு சுவிட்ச் போர்டைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். எர்த் வயர் வந்திருக்கிறதா, வயரின் மேலுறை காய்ந்து உதிர்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். இதற்கு ஒரு எலக்ட்ரீஷியனின் அரை நாள் கூலி ஆகலாம், ஆனால் மொத்த எஸ்டிமேட்டையே மாற்றிவிடும் தகவல் அது.

கையில எட்டு லட்சம் இருக்குண்ணே. எட்டு லட்சத்துக்கும் வேலை பாத்துரலாமா?

கூடாது. பதினைந்து, இருபது வருஷ வீடு என்றால் 10 முதல் 15 சதவீதத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைக்கச் சொல்வேன். நாற்பது வருஷம் தாண்டிய வீடு என்றால் 20 முதல் 25 சதவீதம். உடைத்த பிறகுதான் தெரியும் பழுதுகளுக்கான பணம் அது. அதில் கை வைத்து இன்னும் நல்ல டைல்ஸ் வாங்குவது, பழுதுக்குக் கடன் வாங்குவதில்தான் போய் முடியும்.

எட்டு லட்சம், நாற்பது வருஷ வீடு என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம், அதாவது 1.6 லட்சம் இருப்பு. வேலை முடியும் வரை வெளியே குடியிருக்க வாடகை, சாமான் ஏற்றி இறக்குவது, இடிபாடு அள்ளுவது, பூஜைச் செலவு என்று ஒரு 60 ஆயிரம். மிச்சம் 5.8 லட்சம். மேஸ்திரியிடம் பேச வேண்டிய தொகை இதுதான். "என்கிட்ட எட்டு இருக்கு" என்று சொல்லிப் பேச்சை ஆரம்பித்தால் எஸ்டிமேட்டும் எட்டுக்குத்தான் வரும்.

வீடே ஆயிரம் சதுர அடிதான். பெயிண்டர் அளந்துட்டு நாலாயிரம் சதுர அடிங்கிறாரு. ஏமாத்துறாரா?

பெரும்பாலும் இல்லை. பெயிண்ட் தரைக்கு அடிப்பதில்லையே. 10க்கு 10 அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 400 சதுர அடி, சீலிங் 100. ஆக 100 சதுர அடி அறைக்கு 500 சதுர அடி பெயிண்ட் வேலை. கதவு ஜன்னலைக் கழித்தாலும் நாலரை மடங்குக்குப் பக்கம் வரும். பெரிய ஹால்களில் விகிதம் குறையும். மொத்தத்தில் நாலு மடங்கு நியாயமான கணக்கே. வெளிச்சுவர் அதில் அடங்காது.

கேட்க வேண்டியது வேறு. கதவு ஜன்னல் இடத்தைக் கழிக்கிறாரா, பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமன் செய்யும் பூச்சு) எத்தனை கோட், பிரைமர் உண்டா, ரேட்டில் பெயிண்டும் சேர்த்தியா? அளக்கும்போது டேப்பின் மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

டைல்ஸ் எத்தனை பெட்டி வாங்குறதுன்னு கடைக்காரர் சொல்றதுதான் கணக்கா?

நீங்களே போடலாம். 2க்கு 2 என்று சொல்லப்படும் டைல் உண்மையில் 60 சென்டிமீட்டர். பெட்டிக்கு நான்கு என்றால் 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. 16 என்று வைத்துக் கணக்குப் போட்டால் பெரிய ஹாலில் ஒரு பெட்டி குறையும்.

10க்கு 10 அறைக்குத் தரை 100 சதுர அடி. சுவரின் அடியோரம் 4 அங்குல உயரத்துக்கு ஸ்கர்ட்டிங் டைல்ஸ் ஓடும். வாசல் 3 அடியைக் கழித்தால் 37 அடி நீளம், அது சுமார் 12 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் 123 சதுர அடி. எட்டுப் பெட்டி. தரையை மட்டும் பார்த்து ஏழு பெட்டி வாங்கியவர்கள் திரும்பக் கடைக்குப் போகும்போது அதே பேட்ச் இருக்காது, நிறம் லேசாக மாறிவிடும். மீந்த டைல்ஸில் நாலைந்தைப் பரணில் போட்டு வையுங்கள். பின்னால் பைப்புக்காகத் தரையை உடைக்க நேர்ந்தால் உதவும்.

இடிக்கிறதுக்கும் மண்ணை அள்ளுறதுக்கும் தனியாவா காசு?

தனியாகத்தான். எஸ்டிமேட்டில் அதிகம் விட்டுப்போகும் வரியும் இதுதான். ஆயிரம் சதுர அடித் தரையை 3 அங்குலம் பெயர்த்தால் 250 கன அடி. உடைத்துக் குவித்தால் உப்பிப்போய் 350 கன அடிக்குக் குறையாது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஆக மூன்றரை யூனிட்.

மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் வீடு என்றால் இன்னொரு செலவும் உண்டு. டிப்பர் சந்துக்குள் வராது. மணலும் செங்கலும் தெருமுனையில் இறங்கும், அங்கிருந்து தலைச்சுமையாகத்தான் வர வேண்டும். இடிபாடும் அப்படியே சாக்கில் கட்டிப் போக வேண்டும். பல தெருக்களில் பகலில் லாரியை நிறுத்த விடமாட்டார்கள், ராத்திரி இறக்கினால் காவலுக்கு ஆள் வேண்டும். சுமை கூலியைத் தனி வரியாக எழுதுங்கள். கே.கே. நகரில் வாசலிலேயே லோடு இறக்கியவரின் பட்ஜெட்டை வைத்து உங்கள் வீட்டுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

பழைய தேக்குக் கதவு, நிலை, இரும்புக் கிரில், நாட்டு ஓடு எல்லாம் விலை போகும். அவை உங்களுக்கா, இடிப்பவருக்கா என்பதை முதல் செங்கல் விழும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்ல ஒரு பாத்ரூமுக்கு இவ்வளவு ஆச்சுன்னு சொன்னதும் தலை சுத்திருச்சு. அவ்வளவா ஆகும்?

ஆகும். 5க்கு 8 பாத்ரூம் 40 சதுர அடிதான். ஆனால் உடைப்பு, பைப், சாக்கடை இணைப்பு, நீர்க்கசிவுத் தடுப்பு, 7 அடி உயரத்துக்குச் சுவர் டைல்ஸ், கீசர் லைன், பிட்டிங் எல்லாம் அந்த 40 சதுர அடிக்குள் அடங்க வேண்டும். கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் ஆள் என நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள்.

செலவைக் குறைக்க வேண்டுமா? டாய்லெட் கோப்பையின் இடத்தை மாற்றாதீர்கள், அதன் கழிவுக் குழாய் லைன் பழைய இடத்திலேயே இருக்கட்டும். குழாய்களை நடுத்தர விலையில் வாங்குங்கள். இங்கே பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு, விலை உயர்ந்த பிட்டிங்கிலும் வெள்ளையாகப் படியத்தான் செய்யும். நீர்க்கசிவுத் தடுப்பில் மட்டும் ஒரு ரூபாயும் குறைக்கக் கூடாது. அது முடிந்ததும், டைல்ஸ் ஒட்டும் முன், ஓட்டையை அடைத்துத் தண்ணீர் கட்டி குறைந்தது ஒரு நாள் முழுக்க விடுங்கள். கீழே ஈரம் தெரியவில்லை என்றால்தான் அடுத்த வேலைக்குப் பணம்.

கூலி மட்டும் பேசுறதா, மெட்டீரியலோட கான்ட்ராக்ட் விடுறதா?

தினமும் ஒருவர் வீட்டில் இருந்து பார்க்க முடிந்தால் கூலி மட்டும் பேசுங்கள். சிமெண்ட் மூட்டையை எண்ணுவது, எம்-சாண்ட் லோடை அளப்பது, தீர்ந்த ஆணிக்காகக் கடைக்கு ஓடுவது எல்லாம் உங்கள் பொறுப்பாகிவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு மெட்டீரியலோடு விடுவதே சரி. அப்படி விட்டால் கம்பெனி, வகை, அளவு வரை எழுதி வாங்க வேண்டும். "நல்ல டைல்ஸ்" என்று எழுதினால் எது நல்லது என்று கடைசியில் சண்டைதான் வரும்.

பழைய வீட்டில் பூச்சை உடைத்துப் பூசும் வேலைக்கு மட்டும் நாள் கூலி நல்லது. எவ்வளவு உதிரும் என்று யாருக்கும் தெரியாத வேலைக்கு மொத்த ரேட் கேட்டால், பயத்துக்கும் சேர்த்துத்தான் ரேட் சொல்வார்கள். சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது கொத்தனார் எத்தனை, சித்தாள் எத்தனை என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மூணு பேர்ட்ட ரேட் கேட்டோம். ஒருத்தர் மட்டும் ரொம்பக் கம்மி. அவர்ட்டயே விட்ரலாமா?

மூன்று பேரும் ஒரே வேலைக்குத்தான் ரேட் சொன்னார்களா என்று பாருங்கள். மேலே சொன்ன நோட்டின் நகலை மூவருக்கும் கொடுத்து, வரி வரியாக ரேட் போடச் சொல்லுங்கள். கம்மியாகச் சொன்னவர் இடிபாடு அள்ளுவதையும் சாரத்தையும் பட்டி வேலையையும் விட்டிருப்பார். அவையெல்லாம் பின்னால் "எக்ஸ்ட்ரா" என்று வரும். எல்லா வரியும் இருந்து, அப்போதும் கம்மி என்றால், அவர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் வேலையை நேரில் போய்ப் பாருங்கள். யாருக்குமே பாதிக்கு மேல் அட்வான்ஸ் தரக் கூடாது. வேலை முடிய முடியப் பணம், கடைசிப் பத்து சதவீதம் ஒரு மழை பார்த்த பிறகு.

சிமெண்ட்டுக்கு வரி குறைச்சுட்டாங்களே, செலவு நல்லா குறையுமா?

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது உண்மை. புது வீடு கட்டுபவருக்கு அந்த வித்தியாசம் செலவில் தெரியும். மராமத்தில் சிமெண்ட் சிறு பங்குதான், கூலியும் டைல்ஸும் பைப்பும் வயருமே பெரும்பங்கு. இதை நம்பிப் பட்ஜெட்டில் எதையும் கூட்டாதீர்கள்.

எந்த மாசம் ஆரம்பிச்சா செலவு கம்மி?

தை முதல் வைகாசி வரை கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று எல்லாரும் வீட்டைத் தொடுவார்கள், நல்ல கொத்தனார் கிடைப்பது கஷ்டம். கோடையில் போர் வற்றினால் டேங்கர் தண்ணீர் வாங்க வேண்டும். ஆடியில் ஆரம்பிக்க உங்கள் வீட்டில் ஆட்சேபம் இல்லை என்றால், ஆட்கள் எளிதாகக் கிடைக்கும் நேரம் அது. மொட்டை மாடி வேலை எதுவானாலும் ஐப்பசி மழைக்கு முன் முடிந்திருக்க வேண்டும்.

திருவிழாக்களையும் கணக்கில் சேருங்கள். சித்திரைத் திருவிழா, பொங்கல், தீபாவளி போக, மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள் சொந்த ஊர்ச் சாமி கும்பிடுக்குப் போனால் சில நாள் வரமாட்டார்கள். அவர்கள் போவது நியாயம். நீங்கள் வெளியே வாடகைக்கு இருந்தால் அந்த நாட்களுக்கும் வாடகை உண்டு என்பதைத்தான் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும்.

நகையை வைக்கவா, பேங்க்ல வீட்டு மராமத்துக் கடன் வாங்கவா, சீட்டு எடுக்கவா?

சிறு தொகை, சில மாதத்தில் திருப்பிவிடலாம் என்றால் நகைக்கடன் சரி. ஆனால் தவணை தேதியைப் பட்ஜெட் நோட்டிலேயே எழுதுங்கள். சீட்டை ஏலத்தில் முன்னதாகத் தள்ளி எடுத்தால், அதற்காக விட்டுக்கொடுத்த தொகையும் மராமத்துச் செலவுதான். ஏற்கெனவே வீட்டுக்கடன் இருப்பவர்கள் அதே வங்கியில் கூடுதல் கடன் கேட்டுப் பாருங்கள், வட்டி பெரும்பாலும் தனிநபர் கடனைவிடக் குறைவாக இருக்கும்.

வருமான வரியில் பெரிய சலுகை வரும் என்று எண்ண வேண்டாம். குடியிருக்கும் வீட்டைக் கட்ட வாங்கிய கடனுக்குப் பழைய வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம். மராமத்துக் கடனுக்கு அது 30 ஆயிரம்தான், அதுவும் அந்த 2 லட்சத்துக்குள்ளேயே அடக்கம். புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவே இல்லை.

மாடியை ஒத்திக்கு விட்டு, அந்தப் பணத்துல வேலையை முடிச்சா வட்டியே இல்லையே?

இந்த யோசனை நம் ஊரில் பலருக்கு வருகிறது. ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டைக் குடியிருக்க விடுவது. வட்டி இல்லை, ஆனால் வாடகையும் இல்லை. இழந்த வாடகைதான் வட்டி. அதைவிட முக்கியம், ஒத்தி முடியும்போது முழுத் தொகையையும் ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும். அந்தப் பணம் டைல்ஸாகவும் பெயிண்டாகவும் சுவரில் இருக்கும். அடுத்த ஒத்திக்காரர் கிடைத்தால்தான் இவருக்குக் கொடுக்க முடியும் என்கிற நிலையில் எத்தனையோ குடும்பங்கள் தவிக்கின்றன. திருப்பிக் கொடுக்க வேறு வழி தெளிவாக இருந்தால் ஒழிய இதைச் செய்யாதீர்கள்.

ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளத்துல போயிருச்சு. வீட்டை ஜாக்கி வச்சுத் தூக்குறது, தரையை மட்டும் உயர்த்துறது, எது லாபம்?

எவ்வளவு பள்ளம் என்பதைப் பொறுத்தது. அரை அடி, முக்கால் அடி என்றால் தரையை உயர்த்தலாம். ஆனால் தரை ஏறினால் வாசல் உயரம் குறையும், நிலைகளைத் தூக்கி வைக்க வேண்டும், சுவிட்ச் போர்டும் அடுப்படி மேடையும் இடுப்புக்குக் கீழே இறங்கிவிடும். டைல்ஸ் ரேட்டை மட்டும் பார்த்து இறங்கியவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

இரண்டு, மூன்று அடி என்றால் தூக்குவதைப் பற்றிப் பேசலாம். தூக்கும் கம்பெனி சொல்லும் தொகை தூக்குவதற்கு மட்டும். அதன் பிறகு உள்ளே மண் நிரப்பி, தரை புதிதாகப் போட்டு, படிக்கட்டு, சாக்கடை, குழாய் இணைப்பு எல்லாம் மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து எழுதிய பிறகுதான் எது லாபம் என்று கேட்க முடியும். தூக்கும் முன் அடுத்த ரோடு வரும் என்பதையும் நினைத்து உயரத்தை முடிவு செய்யுங்கள்.

தாத்தா காலத்துக் காரை மச்சு வீடு. பக்கத்து வீட்டோட பொதுச்சுவர் வேற. இதுக்கெல்லாம் எப்படி எஸ்டிமேட்?

இப்படிப்பட்ட வீட்டுக்கு 25 சதவீத இருப்பும் பத்தாமல் போகலாம். மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மச்சில், பழுது கட்டை சுவருக்குள் நுழையும் முனையில்தான் தொடங்கும். அந்த முனைகளைத் திறந்து பார்க்காமல் யார் சொல்லும் தொகையும் ஊகம். ஒழுகுகிறது என்று மேலே கான்கிரீட் போடாதீர்கள், பழைய கட்டைக்கு அந்தப் பாரம் ஆகாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்கள் குறைவு, கூலியும் கூடுதல். அது செலவழிக்கத் தகுந்த செலவு.

பொதுச்சுவரைத் தொடும் முன் பக்கத்து வீட்டாரோடு உட்கார்ந்து பேசி, யார் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உடைக்கும்போது அவர்கள் பக்கம் பெயரும் பூச்சைச் சரி செய்யும் செலவு உங்களுடையது.

கோயிலுக்குப் பக்கத்துல வீடு. மராமத்தோட மேல ஒரு மாடியும் எடுத்துரலாமா?

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. முதலில் இப்போதைய உயரத்தை அளந்து பாருங்கள். வேறு பகுதியானாலும் மாடி எடுக்க அனுமதி வேண்டும், பிறகு சொத்து வரியும் கூடும். பழைய அஸ்திவாரம் தாங்குமா என்று பொறியாளரிடம் எழுத்தில் வாங்கும் செலவையும் சேருங்கள். டைல்ஸ், பூச்சு, பெயிண்ட் போன்ற உள்வேலைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பேசாம இடிச்சுட்டுப் புதுசா கட்டிரலாமா?

மராமத்து எஸ்டிமேட் புது வீட்டுச் செலவில் பாதியைத் தாண்டி, சுவரும் கூரையுமே நோயாளியாக இருந்தால் அந்த யோசனை சரி. சுவரும் கூரையும் கெட்டியாக இருந்தால் மராமத்தே நல்லது. இடித்துவிட்டால் இன்றைய விதிப்படி இடம் விட்டுக் கட்ட வேண்டி வரலாம். சின்ன மனையில் அது ஓர் அறையையே தின்றுவிடும். 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில் (விதிப்படி கட்டுவோம் என்று நாமே சான்றளிப்பது) விரைவாக அனுமதி கிடைக்கும். அதற்கு முன் பத்திரத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றா என்று பாருங்கள்.

பாதியிலேயே காசு தீர்ந்துட்டா எதை நிறுத்துறது?

சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் போகும் எதையும் நிறுத்தாதீர்கள். பைப், வயர், சாக்கடை, மொட்டை மாடித் தளம் இவற்றை இருப்புப் பணத்தில் முடித்துவிடுங்கள். ஃபால்ஸ் சீலிங், அலமாரிக் கதவுகள், வெளிப் பெயிண்ட், கேட் இவையெல்லாம் காத்திருக்கும். அடுப்படியில் கடப்பா கல் தட்டு போட்டு, கதவு இல்லாமலே ஒரு வருஷம் ஓட்டலாம். சுவருக்குப் பட்டியும் பிரைமரும் அடித்து நிறுத்தலாம், பெயிண்ட் அடுத்த போனஸுக்கு வரட்டும்.

ஏசி இப்போது வாங்காவிட்டாலும் அதற்கான குழாயைச் சுவரில் பதித்து, உள்ளே இழுவைக் கம்பி விட்டு வையுங்கள். பூச்சு மூடும் முன் ஒவ்வொரு சுவரிலும் டேப்பைப் பிடித்து, தரையிலிருந்து பைப் எத்தனை அடியில் போகிறது என்று தெரியும்படி செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரி மாட்ட வரும் ஆளிடம் டிரில் போடும் முன் அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.